எந்த வேஷம்? எந்தப் பாட்டு?



பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "டான்ஸா, டிராமாவா?" டிராமா என்றால் உடனே அடுத்த கேள்வி, "என்ன வேஷம்?" அதிலும் 'வள்ளி திருமணம்' மாதிரி பாட்டோடு கூடிய நாடகமாக இருந்தால், வேஷம் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாடச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்த செலக்‌ஷனுக்கு எந்த வேஷத்தைக் கேட்பது, எந்தப் பாட்டைப் பாடுவது என்று பிள்ளையைவிட அம்மாதான் ராத்திரி தூக்கமில்லாமல் தவிக்கிறாள். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேஷத்துக்காகக் குரலை முறுக்கக் கூடாது. இருக்கிற குரலுக்குத்தான் வேஷம் தேட வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. நம் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சமாதி கொண்டிருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையைப் பார்த்தாலே இது விளங்கும்.

சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' எல்லாம் அவர் எழுதியவைதான். தமிழ் நாடகத்துக்கே தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் அவர், தாம் மேடை ஏறிய நாளில் போட்டுக்கொண்ட வேஷங்கள் என்ன தெரியுமா? எமன், இரணியன், சனீஸ்வரன்! கிரீடம் வைத்த அழகான ராஜபார்ட்டுக்கு அவர் ஆசைப்படவில்லை. இந்த மாதிரி வேஷங்களிலேதான் பேர் எடுத்தார்.

பிறகு 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை ஆரம்பித்தார். அதில் சேர்ந்த டி.கே. சண்முகம் என்ற சின்னப் பையனுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்தார் என்று நாடக உலகத்தில் சொல்வார்கள். பையனின் வயசுக்கும் குரலுக்கும் தக்கபடி வேஷத்தைத் தைத்துக் கொடுத்திருக்கிறார். தையற்காரர் உடம்பை அளந்துதானே சட்டை வெட்டுவார்? சட்டையை வெட்டிவிட்டு உடம்பை இழுத்துப் பார்ப்பாரா?

அந்த டி.கே. சண்முகம் வளர்ந்து, முப்பது வயதை ஒட்டி, 1940-களில் எடுத்துக்கொண்ட வேஷம் ஒளவைக் கிழவி. ஆம்பிளைக்குக் கிழவி வேஷமா என்று அவர் யோசிக்கவில்லை. கடைசியில் அந்தக் கிழவிதான் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டாள். இன்றைக்கும் சென்னையில் ஒளவை சண்முகம் சாலை இருக்கிறது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். 'வள்ளி திருமணம்' என்றால் பெண் பிள்ளைகளுக்கு வள்ளி வேஷம், ஆண் பிள்ளைகளுக்கு வேலன் வேஷம், இந்த இரண்டைத் தவிர வேறு கண்ணில் படாது. ஆனால் அதே நாடகத்தில் வள்ளியோடு தர்க்கம் செய்கிற நாரதர் உண்டு. வேடர் தலைவன் நம்பிராஜன் உண்டு. முருகனே வேலனாக வருவார், வேடனாக வருவார், தள்ளாடும் விருத்தனாகவும் வருவார். வேஷத்தின் பேரைப் பார்க்காதீர்கள். அந்த வேஷத்துக்கு மொத்தம் எத்தனை பாட்டு, அதில் எத்தனை உச்சத்தில் போகிறது, பேச்சு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வள்ளிக்குத் தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் இருக்கிறது. குரலை நீளமாக விட்டு, மேலே நிறுத்திப் பாட வேண்டும். அது வராத பிள்ளைக்கு வள்ளி வேஷம் வாங்கிக் கொடுத்தால், சபையில் அவள் தவிப்பதை நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

எங்கள் சேதராப்பட்டில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்குப் பதிமூன்று வயசு. அவன் அம்மா கண் கலங்க வந்து நின்றாள்.

"அக்கா, போன வருஷம் வரைக்கும் குயிலாட்டம் பாடினவன். இப்ப மேல போனா கீச்சுங்குது, கீழ வந்தா கரகரங்குது. கிளாசுல எல்லாரும் சிரிச்சிட்டாங்களாம். நாலு மாசமா வீட்ல பாட்டுச் சத்தமே இல்லக்கா. வேலன் வேஷம்னா வரேன், இல்லன்னா டிராமாவே வேணாங்கறான்."

இதைத்தான் அந்தக் காலத்து நாடகக் கம்பெனியில் 'மகரக்கட்டு' என்பார்கள். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு வயசில் குரல்வளை பெரிதாகிறது. உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் குரல் இறங்குகிறது. இறங்கி நிலைக்கிற வரைக்கும் நடுநடுவே உடையும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். இது வியாதி இல்லை, வளர்ச்சி. மீசை முளைக்கிற மாதிரிதான். ஆனால் பாலர் கம்பெனிகளில் இதனாலேயே வேஷத்தை இழந்த பையன்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

அந்தப் பையனை நான் பாடச் சொல்லவில்லை. பேசச் சொன்னேன். பேசுகிற குரலிலிருந்து மெதுவாக நாலைந்து ஸ்வரம் ஏறி இறங்கச் சொன்னேன். அந்த எல்லைக்குள் குரல் உடையவே இல்லை. "தம்பி, விருத்தன் வேஷம் கேளேன்" என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா, சின்னப் பிள்ளைக்குக் கிழவன் வேஷமா? சொந்தக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கத்தானேம்மா அந்த வேஷமே!" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். விருத்தன் வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிடுவார். விக்கல் எடுக்கும், தண்ணி கேட்பார். அங்கே குரல் உடைந்தால் அது குறையா, நடிப்பா? செலக்‌ஷன் அன்றைக்குப் பாட்டு நடுவில் குரல் கீச்சிட்டதாம். பையன் சமயோசிதமாக அதையே விக்கலாக்கி, "தண்ணி, தண்ணி" என்றிருக்கிறான். ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே வேஷத்தைக் கொடுத்துவிட்டார்கள். வேஷம் கிடைத்ததைவிட, வீட்டில் மறுபடியும் அவன் முணுமுணுக்க ஆரம்பித்தானே, அதுதான் அந்தத் தாய்க்குப் பெரிசு.

பெண் பிள்ளைகளுக்கும் இதேதான். குரல் கனமாக இருந்தால் ஆண் வேஷம் கேட்கத் தயங்க வேண்டாம். கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தவர். 1953-ல் 'ஒளவையார்' படத்தில் ஒளவையும் அவர்தான். அப்போது அவருக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து வயசு. மாதர் சங்க நாடகத்துக்கு "இந்த வயசில் நமக்கென்ன வேஷம்" என்று ஒதுங்குகிற என் வயசுச் சகோதரிகளும் இதைக் கவனிக்கணும்!

சரி, வேஷம் முடிவாயிற்று. எந்தப் பாட்டு?

முதலில் ஸ்ருதி. பெண்களுக்குப் பொதுவாக நாலரையிலிருந்து ஐந்தரைக் கட்டையும், வளர்ந்த ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டையும் ஒத்துவரும். பிள்ளையை மேல் 'ஸ'வைப் பிடித்து மூன்று தடவை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று தடவையும் தாடை தூக்காமல், கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் அதுதான் அவள் ஸ்ருதி. மூன்றாவது தடவை பிசிறினால் அரைக் கட்டை இறக்குங்கள். இறக்குவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடியாக வேண்டிய காலம் அது. நமக்குத்தான் மைக் இருக்கிறதே!

சினிமாப் பாட்டின் இசைத் தடத்தைப் போட்டுக்கொண்டு பாடுவதானால், அது பாடகரின் ஸ்ருதி, உங்கள் பிள்ளையின் ஸ்ருதி அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, வேஷத்தின் குணம் பாட்டில் தெரியணும். நாரதர் வேஷம் கேட்கிறவன் தாலாட்டுப் பாடினால் பொருந்துமா? கேலியும் துடுக்கும் உள்ள பாட்டாக எடுங்கள்.

மூன்றாவது, நீளம். இரண்டு நிமிஷம் போதும். நன்றாக வருகிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும். தாளமில்லாமல் ஒரு சின்ன விருத்தம், பிறகு தாளத்தோடு ஒரு பல்லவி, சரணம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு திறமையும் தெரிந்துவிடும். பாட்டு முடிந்த கையோடு மூச்சு வாங்காமல் இரண்டு வரி வசனம் பேசிப் பழகட்டும். பாட்டு நாடகத்தில் அதுதான் கஷ்டம்.

நாலாவது, வீட்டில் பத்துத் தடவை பாடி எட்டுத் தடவையாவது சுத்தமாக வந்த பாட்டைத்தான் எடுத்துப் போக வேண்டும். என்றோ ஒரு நாள் பிரமாதமாக வந்த பாட்டை நம்பாதீர்கள். செல்போனில் பதிவு செய்து பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். நாம் நூறு குறை சொல்வதைவிட அது மேல்.

தொண்டைக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற அப்பாக்கள் நிறைய. அப்போது பிள்ளை சன்னமாக முணுமுணுத்துப் பழகினால் தப்பே இல்லை, கத்திப் பழகுவதுதான் கெடுதல். தினம் பதினைந்து நிமிஷமாக இரண்டு வேளை போதும். நடுநடுவே தண்ணீர் குடிக்கட்டும். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம்தான். ஆனால் அவை குரல் நாண்களைத் தொடுவதில்லை. குரலுக்கு ஓய்வுதான் மருந்து. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், மகரக்கட்டு என்று நாமே முடிவு கட்டாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கேட்ட வேஷம் கிடைக்காமல் போகலாம். அன்றைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "யாருக்குக் கிடைச்சுது?" என்று கேட்காதீர்கள். "எந்த இடம் நல்லா வந்துது, பாடிக் காட்டு" என்று கேளுங்கள். வேஷம் ஒரு சாயங்காலத்தோடு கலைந்துவிடும். பாட்டு பிள்ளையோடு கடைசி வரைக்கும் வரும், இல்லையா?

அடுத்த இதழில் சந்திப்போம்.