நேரசூசியும் நாட்டின் சட்டமும்

பள்ளியிலே நேரசூசி ஒன்று வரைந்து ஒட்டப்படுகின்றது. ஆசிரியர் ஒருவர் வாராத நாளில் அது மாறுதலும் உண்டு. அம்மாற்றத்தை எவரும் குறைகூறார். ஆனால், நாளை பரீட்சை என்பதை இன்று வீடு செல்லும் மணி அடித்தபின் அறிவிப்போமாயின் மாணவர் எம்மை நோவாரன்றோ?

நாம் வாழும் பொரளையிலிருந்து இராசகிரிய வழியே சென்றாற் பாராளுமன்றத்தை அடையலாம். ஆங்கும் நேரசூசி உண்டு. சபாநாயகர் தலைமையிற் கூடும் பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு, இன்ன நாளில் இன்ன விடயம் என வகுக்கும். அவ்வந்நாளுக்குரிய அலுவல் ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். நாட்டுக்கு இடர் நேர்ந்தவிடத்து அவ்வொழுங்கை மாற்றுதலும் முறையே.

எனினும், 2021ஆம் ஆண்டின் கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டமூலத்தின் வரலாற்றை நோக்குக. ஏப்பிரில் 8ஆந் திகதி வியாழக்கிழமை அது சபையில் வைக்கப்பட்டது. அன்றிருந்த விதிப்படி, அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடக் குடிமக்களுக்கு ஒரு வாரமே தவணை. அவ்வாரத்திலே சனி, ஞாயிறு போயின. 13, 14ஆந் திகதிகள் புத்தாண்டிற் போயின. எஞ்சியவை எத்தனை என்பதை ஆறாம் வகுப்பு மாணவனும் கணக்கிடுவான். அந்நிலையிலும் மனுக்கள் பல தாக்கலாயின. நீதிமன்றத்தின் முடிபைச் சபாநாயகர் மே 18இல் அறிவித்தார். மறுநாளே விவாதம் தொடங்கியது. 20ஆந் திகதி, திருத்தங்களோடு, 149க்கு 58 என்ற வாக்குகளாற் சட்டமூலம் நிறைவேறியது.

அச்சட்டம் நன்றோ தீதோ என ஆராய நாம் இங்குப் புகுந்திலம். நீதிமன்றம் சுட்டிய பிழைகள் திருத்தப்பட்டமை நன்றே. ஆயின், அத்திருத்தங்களைத் தாய்மொழியிற் படித்துத் தம் பிரதிநிதியிடம் ஒரு சொற் கூறக் குடிமகனுக்கு ஓய்வு எங்கே? காலம் மறுக்கப்பட்ட உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. தவணை ஒரு வாரமாயினும் இரு வாரமாயினும், விடுமுறை நாள்களைக் கழித்தே அதனை எண்ணுதல் வேண்டும். குழுநிலையிற் சேர்க்கப்படும் திருத்தங்கள், அவசரமல்லாதவிடத்து, மும்மொழியிலும் அச்சாகிச் சில நாளேனும் மக்கள் கண்முன் இருத்தல் வேண்டும்.

சட்டத்தரணிகளாயும் அரசாங்க உத்தியோகத்தராயும் விளங்கும் பழைய மாணவர்கள் இதனைத் தத்தம் சபைகளில் எடுத்துரைப்பாராக. இன்றைய மாணவர்களோ, தம் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை உரிய காலத்தே பலகையில் ஒட்டப் பழகுவாராக. அவருள் ஒருவர் நாளை அவ்வொழுங்குப் பத்திரத்தை வகுக்கவுங் கூடும்.