ஆசான் போனதும் கொச்சி கொதித்தது! கோவையில் ஏன் சத்தமே இல்லை?

அவிநாசி:
கால்பந்து டீமின் கோச் போனார். டீம் சரிந்தது. எட்டே மாதத்தில் ரசிகர்கள் நிர்வாகத்துக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள். "இனி எங்கள் சங்கம் டிக்கெட் எடுத்து விற்றுத் தராது" என்று அறிவித்தே விட்டார்கள்! நடந்தது கொச்சியில். ஆண்டு 2024.

"கொச்சிக்காரன் கோபத்துக்கும் அவிநாசிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பஸ்சில் இதைப் படிக்கிறவர் கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. நம்ம ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற சேலம் பெரிய ரோடு வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் தாண்டிப் போய்ச் சேருகிற இடம் கொச்சி. அதே வழியில், இங்கிருந்து நாற்பது கிலோ மீட்டரில் இருக்கிறது கோவை. அந்தக் கோவையிலும் ஒரு டீம் இருந்தது. இந்தியாவின் சாம்பியன் பட்டத்தைத் தட்டிய டீம்! அதன் கோச்சும் போனார். பின்னால் டீமே போய்விட்டது. ஆனால் கொச்சியில் கேட்ட சத்தம் இங்கே கேட்கவில்லை.

ஏன்? இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது.

யார் இந்த ஆசான்?

கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப் 2014-ல் பிறந்தது. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் அப்போது பங்குதாரர். 2018-ல் அவர் பங்கை விற்றுவிட்டு விலகினார். முதலாளி மாறினாலும் ரசிகன் மாறவில்லை. 'மஞ்ஞப்பட' என்று ஒரு ரசிகர் சங்கம். மஞ்சள் படை என்று அர்த்தம். கலூர் ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் காலரி முழுக்க மஞ்சள்தான்.

இத்தனை கூட்டம் இருந்தும் ஐ.எஸ்.எல். கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. 2014-ல் பைனலில் தோல்வி. 2016-ல் சொந்த ஊரிலேயே, பெனால்டி உதையில் தோல்வி. அதன் பிறகு இறங்குமுகம். 2020-21 சீசனில் பதினோரு டீமில் பத்தாவது இடம்!

அந்த நேரத்தில் வந்தவர்தான் இவான் வுகமனோவிச். செர்பியா நாட்டுக்காரர். 2021 ஜூனில் பொறுப்பேற்றார். பத்தாவது இடத்தில் கிடந்த டீமை அடுத்த சீசனிலேயே பைனலுக்குக் கொண்டுபோனார். 2022 மார்ச்சில் கோவாவில் ஐதராபாத்திடம் மறுபடியும் பெனால்டியில் தோல்வி. கோப்பை போச்சு. ஆனால் மனுஷன் ரசிகர் மனசைப் பிடித்துவிட்டார். 'ஆஷான்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்ம 'ஆசான்' என்ற சொல்தான் அது.

டீமையே வெளியே கூப்பிட்டார்!

2023 மார்ச் 3. பெங்களூரில் பிளே-ஆப் மேட்ச். கூடுதல் நேரம் ஓடுகிறது. பெங்களூருக்கு ஒரு பிரீ கிக். கேரளா ஆட்கள் தடுப்புச் சுவர் கட்டி முடிக்கவில்லை. கோல்கீப்பர் தயாராகவில்லை. அதற்குள் சுனில் சேத்ரி சட்டென்று உதைத்தார். பந்து வலைக்குள்! 'கோல்தான்' என்றார் ரெப்ரி.

இவான் கையைக் காட்டினார். கேரளா ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள்!

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் சும்மா விடுமா? கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். கோச்சுக்கு 5 லட்ச ரூபாய் அபராதம், பத்து மேட்ச் தடை.

செய்தது தப்பு என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது எந்த ஊர்ச் சட்டத்திலும் சரியில்லைதான். ஆனால் ரசிகன் கணக்கு வேறு. "நமக்காகத்தானே ரோஷப்பட்டார்!" என்று ஆசான் பக்கமே நின்றான்.

அடுத்த சீசன். 2023 டிசம்பரில் டீம் பட்டியலில் முதல் இடம். அந்த மாதமே கேப்டன் அட்ரியன் லூனாவுக்குக் காயம். ஒவ்வொருவராகக் காயத்தில் படுத்தார்கள். புது வருஷத்தில் சறுக்கல். ஐந்தாவதாக முடித்து, 2024 ஏப்ரல் 19-ல் ஒடிசாவிடம் பிளே-ஆப்பில் 2-1 தோல்வி. ஒரு வாரம்தான். ஏப்ரல் 26-ல் கிளப் அறிக்கை வந்தது: இரு தரப்பும் சம்மதித்துப் பிரிகிறோம்!

நிர்வாகத்தின் பக்கமும் பார்ப்போம்

ஒருதலையாக எழுதக் கூடாது. மூன்று வருஷம் ஒரே கோச். மூன்று முறையும் பிளே-ஆப் வரை வந்தார்கள். கோப்பை ஒன்றுமில்லை. பணம் போட்டவன் "புது ஆளைப் போட்டுப் பார்க்கலாம்" என்று நினைப்பது உலக வழக்கம்தான். அந்த உரிமை அவனுக்கு உண்டு.

ஆனால் மாற்றினது கோச் மட்டுமா? முந்தின சீசனில் 13 கோல் போட்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்த டயமண்டகோஸ், அதே 2024 கோடையில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். நடுக்களத்தில் நின்ற ஜீக்சன் சிங்கையும் அதே கிளப்புக்கு விற்றார்கள்.

இந்த நிலையில் வந்து சேர்ந்தார் சுவீடன் நாட்டு மிகேல் ஸ்டாரே. பன்னிரண்டு மேட்ச். மூன்று வெற்றி, இரண்டு டிரா, ஏழு தோல்வி. 2024 டிசம்பர் 7-ல் பெங்களூரிடம் 4-2 என்று தோற்றதும் ரசிகர்கள் பொறுமை போயிற்று. டிக்கெட் வேலையை நிறுத்தினார்கள். ஸ்டேடியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பைக் காட்டுவோம் என்றார்கள். டிசம்பர் 16-ல் ஸ்டாரேவையும் வீட்டுக்கு அனுப்பியது நிர்வாகம். மீதி சீசனை உதவி கோச்சுகளை வைத்து ஓட்டினார்கள். கடைசியில் எட்டாவது இடம். பிளே-ஆப் கூட இல்லை!

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கோபம் புதிதாக வந்த கோச் மேல் இல்லை. அவரை அனுப்பியதால் கோபம் தணியவும் இல்லை. "நல்ல ஆட்களை ஏன் விட்டீர்கள், எங்களுக்குப் பதில் சொல்லுங்கள்" என்று நிர்வாகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

மேஸ்திரியை மாற்றினால் போதுமா?

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆர்டர் லேட்டாகிறது. முதலாளி மேஸ்திரியை மாற்றுகிறார். பழைய மேஸ்திரி யார் கை எப்படி ஓடும் என்று தெரிந்தவர். டெய்லர் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவர். சரி, போய்விட்டார். புது மேஸ்திரி வருகிறார். வந்து பார்த்தால் நேரத்துக்குத் துணி வரவில்லை. கை ஓடுகிற பவர் டேபிள் டெய்லர்கள் இரண்டு பேர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அந்த மனுஷன் என்னதான் செய்வார்? ஆறு மாதத்தில் அவரையும் மாற்றுவார்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த வியாதி சீமையிலும் உண்டு. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஒரு சின்ன கிளப். 2016-ல் பெரிய பெரிய கிளப்களையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு சாம்பியன் ஆனது. உலகமே வாயைப் பிளந்தது. கோச் கிளாடியோ ரனியேரி, இத்தாலிக்காரர். ஒன்பது மாதம்தான் ஆயிற்று. 2017 பிப்ரவரியில் அவரை நீக்கிவிட்டார்கள்! அங்கேயும் ரசிகர்கள் கொதித்தார்கள். அதன் பிறகு டீம் ஜெயிக்கவும் செய்தது, லீக்கில் தப்பிக்கவும் செய்தது. ஆக, கோச்சை மாற்றினால் சில சமயம் பலிக்கும், சில சமயம் பலிக்காது. ஆனால் ரெண்டிலும் ஒன்று பொது. முடிவெடுத்த அறையில் ரசிகனுக்கு நாற்காலி இல்லை.

சில நாடுகளில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா கிளப்புக்குத் தனி முதலாளி கிடையாது. சந்தா கட்டும் மெம்பர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் ஒன்றிரண்டு கிளப்களைத் தவிர மற்றதில் பாதிக்கு மேல் ஓட்டு மெம்பர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. நம்ம நாட்டு லீக்கில் அப்படி விதி இல்லை. அதனால் ரசிகன் கையில் மிஞ்சுகிற ஆயுதம் ஒன்றே ஒன்று: டிக்கெட்!

கோவையில் நடந்தது என்ன?

இப்போது நம்ம பக்கத்துக் கதைக்கு வருவோம்.

பேர் சென்னை சிட்டி. ஆனால் 2017-18 சீசனிலிருந்து சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். 2018-ல் வந்தார்.

2019 மார்ச் 9. ஐ-லீக் கடைசி மேட்ச். எதிரே மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் பட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. இங்கே தப்பினால் பட்டம் அங்கே போய்விடும். ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது! இடைவேளை வரை அப்படியேதான். பிறகு பெனால்டியில் பெட்ரோ மன்சி ஒன்று. கௌரவ் போரா இரண்டு. 3-1! அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனாலும் 43-க்கு 42 என்று ஒரே ஒரு பாயிண்டில் பட்டம் கோவைக்கு வந்தது. தமிழ்நாட்டு டீம் ஒன்று ஐ-லீக் பட்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த சீசனில் மன்சி மட்டும் 21 கோல்.

அதற்கப்புறம்? மன்சி ஜப்பான் கிளப்புக்குப் போனார். 2020-ல் நவாஸும் போனார். சிங்கப்பூரிலிருந்தே சத்தியசாகரா என்பவர் கோச்சாக வந்தார். கொரோனா காலம். 2020-21 சீசன் மேட்ச் எல்லாமே மேற்கு வங்கத்தில் நடந்தது. கோவை மைதானத்தில் ஒரு ஆட்டம் கூட இல்லை. டீம் கடைசிப் பகுதியில் திண்டாடியது. அதற்கு அடுத்த சீசனில் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி பேரே இல்லை!

சாம்பியன் பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகவில்லை. டீம் காணோம்! கொச்சியில் எட்டாவது இடத்துக்கு வந்ததற்கே ஊர் கொதித்தது. இங்கே டீமே மறைந்தது, ஊர் தன் வேலையைப் பார்த்தது.

கோவைக்காரனுக்கு ரோஷம் இல்லை என்று சொல்ல முடியாது. காரணம் வேறு. டீம் பேர் ஒரு ஊர், ஆடியது இன்னொரு ஊர். வந்து வேர் பிடிக்குமுன் கொரோனா கதவைச் சாத்திவிட்டது. மஞ்சள் படை மாதிரி வருஷக் கணக்கில் ஒன்றாகக் கூடி நின்ற கூட்டம் இங்கே வளர நேரமே கிடைக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை யார் பேரில் கேட்பது?

சண்டை போடுகிற வாடிக்கைக்காரர்

கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு உண்மை தெரியும். "ஏனுங்க, போன வாரம் குடுத்த அரிசி சரியில்லீங்களே!" என்று சத்தம் போடுகிறவர் அடுத்த வாரமும் வருவார். ஒன்றும் பேசாமல் மூட்டையை எடுத்துக்கொண்டு போகிறவர்தான் திரும்ப வரமாட்டார். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர் பயப்பட வேண்டியது இரண்டாவது ஆளைப் பார்த்துத்தான்.

ரசிகர் கோபமும் அப்படித்தான். கோபம் இருக்கிற வரை கிளப்புக்கு உயிர் இருக்கிறது. அதைத் தொல்லை என்று நினைக்கிற நிர்வாகம் வியாபாரம் தெரியாத நிர்வாகம்.

கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவிநாசிக்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் அறுபது வருஷத்துக்கும் மேலான கோரிக்கை. எத்தனை தேர்தல் வாக்குறுதி! 2016-ல் இதே அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 17-ல் திட்டம் திறக்கப்பட்டது. தலைமுறை தாண்டியும் விடாமல் கேட்டதால் வந்தது. "நமக்கு எதுக்குப்பா வம்பு" என்று இருந்திருந்தால் குளம் இன்னும் காய்ந்துதான் கிடக்கும்.

பந்தாட்டமும் குடிதண்ணீரும் ஒன்றில்லை. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஊர்ப் பேரில் ஒரு டீம் நடத்துகிறவன், அந்த ஊர் ஜனங்களின் ஞாயிற்றுக்கிழமையை, கைக்காசை, பிள்ளைகளின் ஆசையை வாங்கிக்கொண்டுதான் நடத்துகிறான். ஒன்றரை ஷிப்ட் பார்த்த காசில் டிக்கெட் எடுக்கிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு உண்டு.

நாளைக்கே கோவைக்கோ திருப்பூருக்கோ இன்னொரு டீம் வரலாம். வந்தால் கைதட்டப் போகிறவர்கள் முதல் நாளே ஒரு சங்கமும் வைத்துக்கொள்வது நல்லது. தேரை இழுக்க மட்டும் ஊரைக் கூப்பிட்டு, தேர் எந்த வீதியில் போகிறது என்று ஊருக்குச் சொல்லாமல் விட்டால், ஒரு நாள் தேரும் இருக்காது, வடம் பிடிக்க ஆளும் இருக்காது!