இளைஞர் நலம்: பதிவேட்டில் அடங்காதவை

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும்போது 'ஹெல்த்', 'வெல்னெஸ்' என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து வந்து மொழிபெயர்ப்பாளனைச் சோதிக்கின்றன. முன்னதற்கு 'ஆரோக்கியம்' என்று எழுதிவிடலாம். பின்னதற்கு 'நலம்' என்றே எழுதி வருகிறேன். 'நலமா?' என்று ஒருவரை வினவும்போது உடம்பு, மனம், வீடு, வயிற்றுப்பாடு யாவற்றையும் சேர்த்தன்றோ கேட்கிறோம்! 1948-ல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனமும், நோயின்மை மாத்திரமே ஆரோக்கியமாகாது, மனமும் சமூக வாழ்வும் நன்னிலையில் இருத்தல் வேண்டும் என்றே கருதுகிறது.

2014-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரத் திட்டம், 10 முதல் 19 வயது வரையுள்ளோருக்காகப் போஷாக்கு, இனப்பெருக்க நலம், மன நலம், காயமும் வன்முறையும், போதைப் பழக்கம், தொற்றா நோய்கள் என ஆறு துறைகளை வகுத்தது. இவ்வகுப்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் துறைக்கொரு பதிவேடு ஏற்பட்டபின், இவை ஆறும் ஒரே பிள்ளையிடத்தில் உறைவன என்பது மறந்து போகிறது.

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும், ஆண்களில் 31 பேருக்கும் இக்குறை உண்டு. ஹீமோகுளோபின் குறைந்தால் திசுக்களுக்குப் பிராணவாயு போதிய அளவு எட்டுவதில்லை. மாணவி வகுப்பில் சோர்ந்து உட்காருகிறாள், கணக்குத் தவறுகிறது, 'சோம்பேறி' என்ற பட்டம் கிடைக்கிறது. நாளடைவில் அவளும் அதை நம்பிவிடுகிறாள். இரத்தத்திலிருந்த குறை இப்போது மனத்திலும் குடிபுகுந்துவிட்டது.

வாரந்தோறும் வழங்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நல்ல மருந்துதான். ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும். அடுத்த வாரம் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகும். பதிவேட்டிலோ 'கொடுக்கப்பட்டது' என்றே இருக்கும்! மதிய உணவுக்குப் பின் கொடுத்து, மலத்தின் நிறம் கறுப்பது இயல்பே என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அச்சம் பெரும்பாலும் நீங்கும். உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும் என்பதையும் கூறுதல் நன்று. வெளிறிய கண்ணிமையும் மூச்சு வாங்குதலும் உடையவர்களுக்கு வார மாத்திரை போதாது. அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கே அனுப்ப வேண்டும்.

எல்லாச் சோர்வும் இரும்புக் குறையாலன்று. தகப்பனின் குடி, இரவுச் சண்டை, தேர்வு பயம் ஆகியவற்றுக்கு மாத்திரை கிடையாது. கேட்பதற்கு ஒருவர் வேண்டும். 2022-ல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. அதைச் சுவரில் எழுதிவைப்பது எளிது. ஆனால், பிள்ளை முதலில் வாய் திறப்பது தான் நாள்தோறும் காணும் ஆசிரியரிடமே.

கொடுத்த மாத்திரைகளின் எண்ணிக்கைக்கு அருகே, 'பிள்ளை கூறியது' என்றொரு கட்டமும் படிவத்தில் சேர்க்கலாம் என்பது என் யோசனை. அதை மொழிபெயர்ப்பதும் கடினமன்று.