காளான் மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்: அன்னதானக் கூடத்தில் இந்த வியாபாரம் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல அப்பா அம்மா கொலஸ்ட்ராலுக்கு மருந்து சாப்பிடுறாங்கன்னா தயவுசெஞ்சு முழுசா படிங்க.

கிள்ளானோ பிரிக்ஃபீல்ட்ஸோ, பூஜை முடிஞ்சு அன்னதானத்துக்கு உட்கார்ந்தா பேச்சு எங்க சுத்தினாலும் இனிப்பு நீர், பிரஷர், கொலஸ்ட்ரால்னு வந்து நிக்கும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 33.3 விழுக்காட்டினருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, கொலஸ்ட்ரால் அதிகம். இலை போட்டு வரிசையா உட்கார்ந்திருக்கிறவங்களை எண்ணிப் பாருங்க, புரியும்.

அந்தப் பேச்சுக்கு நடுவுலதான் பாட்டில் வெளிய வருது. லிங்ஸி காளான் மாத்திரை, காளான் காப்பி, சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை. "ஆன்ட்டி, இது இயற்கை. கிளினிக் மாத்திரை கெமிக்கல், கிட்னி போயிடும். இதைச் சாப்பிட்டு அதை விட்டுடுங்க." விக்கிறவர் நம்ம ஆளு, நெத்தியில திருநீறு, கோயில்ல பழகின முகம். அதனாலதான் வாங்குறாங்க. அந்த நம்பிக்கை பாட்டிலுக்குக் கிடைச்சதில்ல, கோயிலுக்குக் கிடைச்சது.

முதல்ல இந்த "இயற்கை" பேச்சைப் பார்ப்போம். கிளினிக்ல கொடுக்கிற சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் ஸ்டாட்டின் வகை. அந்த வகையே பூஞ்சையிலிருந்து பிறந்ததுதான். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் மருந்தான லோவாஸ்டாட்டினும் பூஞ்சையிலிருந்து எடுத்ததே. ஆக, பூஞ்சையா மருந்தாங்கறது சண்டையே இல்லை. அளவு தெரிஞ்சு சாப்பிடுறோமா, தெரியாம சாப்பிடுறோமா, அதுதான் கேள்வி.

சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனாக்கோலின் கே என்பது வேறொன்றுமில்லை, அதே லோவாஸ்டாட்டின். கிளினிக் மாத்திரையோட இதையும் சேர்த்தா ஒரே வகை மருந்தை ரெண்டு மடங்கா விழுங்குற மாதிரி. தசை வலி வரும். முத்திப்போனா தசை சிதைஞ்சு சிறுநீரகத்தையே பாதிக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பா போனா உடனே மருத்துவமனைக்குப் போகணும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இந்தப் பொருள் ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 2024 மார்ச்சில் ஜப்பானில் கோபயாஷி நிறுவனம் தன் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். வேறொரு பூஞ்சை கலந்து உண்டான நச்சு அதில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் கொலஸ்ட்ராலுக்கு நல்லதுன்னு வாங்கின மாத்திரைதான்.

சரி, லிங்ஸி? இதய நோய் அபாயத்தைக் குறைக்கிறதான்னு சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சோதனைகளைக் காக்ரேன் அமைப்பு 2015-இல் அலசியது. பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொன்னு, அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுற பல பேர் ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சேர்த்துச் சாப்பிடுறாங்க. அவங்களுக்கு இது விளையாட்டு இல்லை.

"பாட்டில்ல எம்.ஏ.எல். நம்பர் இருக்கே"ன்னு கேப்பாங்க. இருக்கட்டும், நல்லதுதான், நம்பரே இல்லாத பாட்டிலைத் தொடவே கூடாது. ஆனா கடைசி எழுத்தைப் பாருங்க. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சத்துப்பொருள். பதிவாகியிருக்குன்னு அர்த்தம். உங்க ஸ்டாட்டினுக்குப் பதிலா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லை. இதய நோயைக் குணப்படுத்தும்னு பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது.

விக்கிறவங்களை மட்டும் குறை சொல்றதிலயும் நியாயம் இல்லை. கிளினிக்ல ரெண்டு மணி நேரம் காத்திருந்தா டாக்டர் பேசுறது அஞ்சு நிமிஷம். கால் வலிக்குதுன்னு சொல்லக்கூட அம்மாக்கள் தயங்குறாங்க. இந்தப் பக்கம் பாட்டில் விக்கிறவர் கையைப் பிடிச்சு அரை மணி நேரம் கேக்குறார். யாரை நம்புவாங்க? ஆனா கால் வலிக்கு வழி இருக்கு: அளவைக் குறைக்கலாம், வேற ஸ்டாட்டினுக்கு மாத்தலாம். டாக்டரிடம் சொல்லணும், அவ்வளவுதான். சொல்லாம மாத்திரையை நிறுத்தினா உடம்புல ஒண்ணும் தெரியாது. கொலஸ்ட்ரால் ஏறினா வலிக்காது. ரத்தக்குழாய் அடைச்ச பிறகுதான் தெரியும், அதுவும் எமர்ஜென்சி வார்டுல.

சமையல்ல போடுற காளானுக்குப் பயப்படாதீங்க. புரட்டாசியில காளான் பிரட்டல் தாராளமா சாப்பிடுங்க. சிப்பிக் காளானில் இயற்கையாவே கொஞ்சம் லோவாஸ்டாட்டின் உண்டு, ஆனா அது சாப்பாட்டு அளவு. செறிவாக்கி மாத்திரையில அடைச்சதுதான் வேற கதை.

நான் கேக்குறது மூணு விஷயம்.

பிள்ளைகளே, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அம்மா வீட்டுல இருக்கிற எல்லா பாட்டிலையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. மருந்து வாங்குற கவுண்டர்ல மருந்தாளரிடம் காட்டுங்க. திட்டமாட்டாங்க.

கோயில் நிர்வாகத்தினரே, மண்டபத்திலும் அன்னதானக் கூடத்திலும் மருந்து, சத்து மாத்திரை விற்கக் கூடாதுன்னு ஒரு அறிவிப்புப் பலகை வையுங்க. அதுக்குப் பதிலா வருஷத்துக்கு ரெண்டு தடவை, நம்ம சமூகத்துலயே இருக்கிற மருந்தாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைங்க. தமிழ்ல பேசட்டும். அந்த அரை மணி நேரத்தை அவங்க கொடுக்கட்டும்.

விக்கிற அண்ணே, அக்கா, உங்க பிழைப்பைக் கெடுக்க வரலை. வித்துக்கோங்க, வெளிய வித்துக்கோங்க. ஆனா "கிளினிக் மருந்தை விட்டுடுங்க"ங்கற அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லாதீங்க.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க.