கவசக் கெளுத்தி: இனமறிந்து விலக்குதலே நலம்

நெல் விதை வாங்கச் செல்லும் குடியானவர் எவரும், "நெல்" என்று மாத்திரம் கேட்டு மூட்டையைச் சுமந்து வருவதில்லை. இன்ன இரகம், இத்தனை நாட்பயிர், இன்ன பட்டத்துக்கு ஏற்றது என்று விசாரித்து, திருப்தியடைந்த பின்னரே முடிச்சை அவிழ்ப்பர். இரகத்தின் பெயரில் பிழை நேரின் ஒரு போகமே வீணாகும் என்பதை அவர் அறிவார். ஆனால் நமது நகரங்களில் அழகு மீன் விற்கும் கடைகளிலோ, ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட பல மீன்கள் "டேங்க் கிளீனர்" என்றும் "சக்கர்" என்றும் ஒரே பெயரால் விற்கப்படுகின்றன. வாங்குவோரும் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. இப்பெயர்க் குழப்பத்தால் விளையும் நஷ்டம் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவருக்கு அன்று. ஏரிக்கரையும் குளக்கரையும் உடைய நமக்கே என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மீன்கள் யாவும் லோரிகாரிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தென் அமெரிக்காக் கண்டமும், அதனையடுத்த பனாமா, கோஸ்டா ரிக்கா தேசங்களுமே இவற்றின் தாயகம். கெளுத்தி வகைகளிலே மிகப் பெரிய குடும்பம் இதுவே. ஏறக்குறைய 1,000 சிற்றினங்கள் இதில் அடங்கும். உடல் முழுவதும் எலும்புத் தகடுகள் கவசம்போல் வரிசையாக மூடியிருப்பதும், வாய் தலையின் அடிப்புறத்தில் வட்டமாக அமைந்து கல்லையும் கட்டையையும் பற்றிக்கொள்ள உதவுவதும் இக்குடும்பத்துக்குரிய இலக்ஷணங்கள். நமது நீர்நிலைகளுக்குச் சொந்தமான கெளுத்தி, தேளி, வாளை முதலியவற்றின் மேனி வழவழப்பாயிருக்குமேயன்றித் தகடு போர்த்ததாயிராது. ஆகவே நம் ஏரியில் வலையிட்டுத் தகடு போர்த்த கெளுத்தி ஒன்று அகப்படுமாயின், அது அயல்நாட்டுச் சரக்கு என்று ஐயமின்றிக் கொள்ளலாம்.

வெளித்தோற்றத்தை மாத்திரம் கொண்டு இனம் பிரிப்பது எத்தகைய மேதையையும் ஏமாற்றும் என்பதற்கு இம்மீனின் சரித்திரமே சான்று. உயிர்களுக்கு முறையாகப் பெயரிடும் வழக்கத்தை நிலைநாட்டிய லின்னேயஸ், 1758-ல் இவற்றுள் ஒன்றை விவரித்தபோது, அதனை ஐரோப்பிய ஆறுகளில் வாழும் ஸ்டர்ஜன் மீனோடு சேர்த்து வைத்தார். ஸ்டர்ஜனுக்கும் எலும்புத் தகடு உண்டு. வாயும் அடிப்புறத்திலே உண்டு. இரண்டுக்கும் உறவு மாத்திரம் இல்லை. பிற்காலத்து அறிஞர் அதனைப் பிரித்தெடுத்து ஹைப்போஸ்டோமஸ் என்னும் பேரினத்தில் வைத்தனர். லின்னேயஸ் இட்ட பெயரின் பிற்பகுதியாகிய "பிளெகோஸ்டோமஸ்" என்பதோ வியாபாரிகளின் வாயில் "பிளெகோ" என்று சுருங்கி, இன்று இக்குடும்பத்து மீன் அனைத்துக்கும் பொதுப்பெயராய் வழங்குகிறது. மலையோடைகளில் கல்லைப் பற்றி வாழும் காரா என்னும் நம் சிறு மீனும் அடிவாயுடையதே. எனினும் அது கெண்டைக்கு உறவினதேயன்றிக் கெளுத்திக்கு அன்று. செயல் ஒன்றாயிருப்பதால் இனமும் ஒன்றாகிவிடாது.

இனி, கடைகளில் "டேங்க் கிளீனர்" என விற்கப்படுவனவற்றுள் முக்கியமான மூன்றைப் பிரித்துக் காட்டுவோம்.

முதலாவது, ஓட்டோசிங்க்ளஸ். இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராத மிகச் சிறிய மீன். பாசியைச் சுரண்டித் தின்று, கூட்டமாய் வாழும் சாதுவான பிராணி. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே பல கெளுத்திகளுக்குள்ள சிறு கொழுப்புத் துடுப்பு இதற்கு இல்லை. ஸ்கேஃபர் என்னும் அமெரிக்க அறிஞர் 1997-ல் இப்பேரினத்தை முழுவதும் ஆராய்ந்து திருத்தி வரையறுத்தார்.

இரண்டாவது, அன்சிஸ்ட்ரஸ். பெரும்பாலானவை நான்கு முதல் ஆறு அங்குலம் வரை வளரும். கன்னத்தில் தூண்டில் முள்போன்ற கொக்கிகள் உண்டு. கிரேக்க மொழியில் தூண்டிலைக் குறிக்கும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. மூக்கின் நுனியில் தகடு இராது. பருவமடைந்த ஆண்மீனின் மூக்கில் கிளைத்த மீசைபோன்ற சதைத் தளிர்கள் காணப்படும். பொந்தினுள் இடப்பட்ட முட்டைகளை ஆண்மீனே காவல் காக்கும்.

மூன்றாவது, டெரிகோப்ளிக்திஸ். பாய்போல் உயர்ந்து விரியும் முதுகுத் துடுப்பையுடையது. நாம் அஞ்சவேண்டியது இதற்கே. கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாயிருக்கும்போது முன் சொன்ன சிறு மீன்களோடு வைத்து விற்கப்படுகிறது. வளர்ந்தபின் ஒன்றரை அடி வரை நீளக்கூடும். தொட்டியில் அடங்காமற்போகவே, வளர்த்தவர் கொல்ல மனமின்றி, "எங்கேனும் பிழைத்துப் போகட்டும்" என்று அண்மையிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகின்றனர். அவர் செய்தது ஜீவகாருண்யமென்று அவர் எண்ணுகிறார். அதன் பலனை அனுபவிப்பவர் கரைக்குச் சொந்தக்காரர்.

அப்பலன் யாது? இம்மீனின் ஆண், முட்டையிடும் பொருட்டு நீர்மட்டத்தை ஒட்டிய மண்கரையில் படுக்கைவாட்டில் வளை தோண்டும். ஒரு வளை மூன்றடிக்கு மேலும் உட்செல்லக்கூடும். ஒரு வளையாயின் கவலையில்லை. ஒரே கரையில் அடுத்தடுத்துப் பல வளைகள் அமையும்போது மண் தளர்ந்து சரிகிறது. நண்டு வளையினாலும் எலி வளையினாலும் வரப்பும் கரையும் படும் பாட்டை அறிந்த குடியானவருக்கு இதனை விவரிக்க வேண்டுவதில்லை. மேலும், இதன் தகடும் முள்ளும் வலையைக் கிழிக்கின்றன. நீரில் பிராணவாயு குறைந்தபோது, இது மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் வழியாகவே சுவாசித்து உயிர் வாழும். நீருக்கு வெளியிலும் பல மணி நேரம் மாளாது. மெக்ஸிகோ தேசத்தில் இன்ஃபியர்னிலோ என்னும் பெரும் நீர்த்தேக்கத்தில் இவ்வின மீன்கள் பெருகி, அங்கே செழித்திருந்த திலேப்பியா மீன்பிடி தொழில் பெரிதும் குன்றிற்று. ஃபிலிப்பைன்ஸ், வங்கதேசம் முதலிய நாடுகளிலும், நம் நாட்டில் கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், மேற்கு வங்காளம் ஆகிய பகுதிகளிலும் இம்மீன் காணப்பட்டிருக்கிறது.

இம்மூன்றையும் கிராமத்தார் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. மீனை ஈரத்துணியால் பிடித்து, முதுகுத் துடுப்பை நிமிர்த்துக. முன்னே நிற்கும் கெட்டியான முள்ளை விட்டுவிட்டு, பின்னுள்ள கிளைத்த கதிர்களை எண்ணுக. ஓட்டோசிங்க்ளஸ், அன்சிஸ்ட்ரஸ், ஹைப்போஸ்டோமஸ் ஆகியவற்றில் சாதாரணமாய் ஏழு கதிர்களே இருக்கும். டெரிகோப்ளிக்திஸிலோ பத்தும் அதற்கு மேலும் இருக்கும். உடல் வளரினும் கதிரின் தொகை வளர்வதில்லை. ஆகையால் இரண்டு அங்குலக் குஞ்சிலும் இக்கணக்குப் பொய்க்காது. நெற்கதிரில் மணி எண்ணத் தெரிந்தவர் எவரும் இதனைச் செய்யலாம்.

இங்கே சிலர் ஓர் ஆக்ஷேபம் கூறுவர். "பண்டிதர்களே இம்மீன்களின் பெயரை ஓயாது மாற்றுகின்றனரே, நேற்று லிப்போசார்க்கஸ் என்றதை இன்று டெரிகோப்ளிக்திஸ் என்கின்றனர், இத்தகைய சாஸ்திரத்தை நம்பி நாம் என்ன செய்வது?" என்பர். பெயர் மாறியது உண்மையே. ஆர்ம்பிரஸ்டர் என்பார் 2004-ல் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சியில், லிப்போசார்க்கஸ் முதலிய தனிப் பெயர்களை நீக்கி, அவற்றை டெரிகோப்ளிக்திஸ் என்னும் ஒரே பேரினத்தில் சேர்த்தார். ஆனால் பெயர் மாறியதனால் மீனின் துடுப்பில் ஒரு கதிரும் கூடவில்லை, குறையவுமில்லை. உறவு இன்னும் தெளிவாய்த் தெரிந்தமையால் பதிவு திருத்தப்பட்டது, அவ்வளவே. நிலத்தை மறு அளவை செய்து பட்டா எண்ணை மாற்றினால் நிலம் மாறிவிட்டதென்று யாரும் சொல்வதில்லை.

பெயர் முறையின்றிப் போனால் யாது நேரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. விவரிக்கப்படாத புதுப்புது மீன்கள் வியாபாரத்தில் வந்து குவிந்தமையால், ஜெர்மனியில் டாட்ஸ் என்னும் மீன் வளர்ப்புப் பத்திரிகை 1988 முதல் அவற்றுக்கு "எல்" என்னும் எழுத்தோடு தொடர் எண் கொடுக்கத் தொடங்கிற்று. தற்காலிக ஏற்பாடாக அது நல்லதே. எனினும் ஒரே மீனுக்கு இரண்டு எண் விழுவதும் உண்டு. பிரேஸில் தேசத்து ஜிங்கு ஆற்றில் மாத்திரம் வாழும் வரிக்குதிரை வண்ண மீனுக்கு 46 என்றும் 98 என்றும் இரண்டு எண்கள் அமைந்தன. 1991-ல் ஹைப்பான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்ற சாஸ்திரப் பெயர் கிடைத்த பின்னரே அதற்கு நிலையான அடையாளம் ஏற்பட்டது. அந்த மீன் இன்று அருகிவரும் இனமாகையால் காக்கப்பட வேண்டியது; டெரிகோப்ளிக்திஸோ நம் நீரில் தடுக்கப்பட வேண்டியது. இரண்டும் ஒரே குடும்பத்தவை. குடும்பப் பெயரை மாத்திரம் வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறின் ஒரு பக்கத்தில் அநியாயமும் மறு பக்கத்தில் அலட்சியமும் விளையும்.

வேறு சிலர், "இத்தனை விசாரணை எதற்கு? கவசக் கெளுத்தி அனைத்தையும் அடியோடு தடை செய்தாற் போதாதா?" என்பர். இவ்வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. எவ்வகை அயல் மீனையும் ஏரியில் விடலாகாது என்பதே நமது கருத்தும். ஆனால் இரண்டு அங்குல ஓட்டோசிங்க்ளஸை விற்றுப் பிழைப்பவரையும், கரையைத் துளைக்கும் மீனை விற்பவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் கட்டளை ஊரில் நிலைக்காது. அனைவரும் மீறும் விதியை ஒருவரும் மதியார். தீங்கு செய்வது இன்னதென்று பெயர் குறித்து விலக்கும் விதியே காரியத்தில் பலிக்கும். மறுபுறம், விசாரணை மிதமிஞ்சியும் போகலாகாது. டெரிகோப்ளிக்திஸில் பார்டாலிஸ் என்றும் டிஸ்ஜங்க்டிவஸ் என்றும் சிற்றினங்கள் உண்டு. முன்னதன் அடிவயிற்றில் தனித்தனிப் புள்ளிகளும், பின்னதில் புழு ஊர்ந்தாற்போன்ற கோடுகளும் காணப்படும். குடியேறிய நாடுகளில் இவை தம்முட் கலந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றமுடையனவாய்ப் பெருகியுள்ளன. இவற்றைப் பிரிப்பது கல்விமான்களின் வேலை. கரையைக் காக்க நமக்குப் பேரினத்தின் பெயரே போதும். எந்த அளவு அறிவு எந்தக் காரியத்துக்கு வேண்டுமென்று உணர்வதும் வகைப்பாட்டின் ஒரு பகுதியே.

அழகுக்கென வந்த அயற்பொருள் நம்மை எங்கே கொண்டுவிடும் என்பதை நாம் புதிதாய்க் கற்கவேண்டியதில்லை. ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகவே கொண்டுவரப்பட்டது. இன்று அது மூடாத ஏரி எத்தனை? திலேப்பியா 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, உணவுக்கென்று வளர்க்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவி, நம் மீன்களின் இடத்தைப் பிடித்தது. பரவிய பின்னர் வருந்துவதைக் காட்டிலும், பரவுமுன் எண்ணிப் பார்ப்பது சிக்கனம்.

ஆகையால் நாம் வற்புறுத்துவன இவை. அழகு மீன் விற்போர், மீனின் பேரினப் பெயரையும் அது முழுதும் வளர்ந்தபின் அடையும் நீளத்தையும் தொட்டியின்மேல் எழுதி வைக்குமாறு விதி செய்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள், தத்தம் எல்லைக்குட்பட்ட ஏரி குளங்களில் கவசக் கெளுத்தி அகப்பட்டதாகக் கேள்விப்பட்டால், தேதி, இடம், நீளம், துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, படத்துடன் மீன்வளத் துறைக்கு அறிவித்தல் வேண்டும். வலையில் அகப்பட்ட மீனை அருவருத்து உயிரோடு மீண்டும் நீரில் எறிவது கூடாது. கொன்று புதைத்தலே தக்கது. கோடையில் நீர் வற்றியவுடன் பாசன சபையார் கரை நெடுகச் சென்று வளைகளைக் கண்டு, மழைக்கு முன்னரே களிமண் இட்டு இறுக மூடுதல் வேண்டும். பள்ளிச் சிறுவர்களுக்கும் இம்மீனைக் காட்டிக் கதிர் எண்ணக் கற்பித்தால், கிராமத்துக்குச் செலவில்லாத காவலர் பலர் கிடைப்பர்.

சிறு மீன் ஒன்றின் இனத்தை ஆராய்வது பொழுதுபோக்காளரின் விளையாட்டென்று எண்ணி நாம் வாளாவிருப்போமாயின், கரை உடைந்த பின்னரே அதன் பெயரைக் கற்க நேரும். கதிர் ஏழா, பத்தா என்று எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். உடைந்த கரையை அடைக்க ஒரு போகத்து வருமானம் வேண்டும். எது இலாபம் என்பதைக் கணக்கறிந்த நம் குடியானவர்களே தீர்மானிப்பார்களாக.