வீணாகிடுமேன்னு குடிக்கிற ஒயின்

1/ மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஒயின் குடிக்கிற ஆளா நீங்க? 750 மில்லி பாட்டில் வாங்குவதை இன்னையோட நிறுத்துங்க. 187 மில்லி சின்ன பாட்டில் ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. "மில்லிக்கு மில்லி பார்த்தா பெரிசுதான் லாபம்" என்று சொல்பவர்களோடுதான் இன்றைக்குச் சண்டை. த்ரெட் கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ "டாக்டரே குடிக்கச் சொல்றாரே!" என்று கமெண்ட் வரும். அதனால் முதலிலேயே சொல்லிடறேன். குடிக்காதவர்கள் குடிக்க ஆரம்பிக்க மருத்துவத்தில் ஒரு காரணமும் கிடையாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது.

3/ ஆக, குடிக்காதவர்கள் இங்கேயே மூடிவிட்டுப் போகலாம். இது ஏற்கெனவே எப்போதாவது குடிக்கிறவர்களுக்கு. இவர்களிடம் "குடிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டாக்டர்கள் நாங்கள் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிடுகிறோம். எவ்வளவு, எதை என்று பேசுவதில்லை. அந்த இடத்தைக் கடையின் ஆஃபர் அட்டையும் வாட்ஸ்அப் மாமாக்களும் பிடித்துக்கொள்கிறார்கள்.

4/ நான் இங்கிலாந்தில் ஜிபி. இங்கே மதுவை யூனிட் கணக்கில்தான் பேசுவோம். ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால், அதாவது 8 கிராம். கணக்கு சுலபம். பாட்டிலில் எத்தனை மில்லியோ அதை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 13% ஒயின் 750 மில்லி என்றால் 9.75 யூனிட். 187 மில்லி என்றால் 2.4.

5/ 2016-இல் இங்கே வந்த வழிகாட்டுதல்: ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம். வழக்கமாக அந்த அளவு குடிப்பவர்கள் அதை மூன்று நாளுக்கோ அதற்கு மேலோ பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பாட்டிலில் அந்த 14-இல் 70% காலி. இன்னொன்று, 14 என்பது உச்ச வரம்பு. "இன்னும் 4 பாக்கி இருக்கே" என்று நிரப்புவதற்கு அது டார்கெட் இல்லை.

6/ இப்போ சொந்தக் கதை. கோவிட் காலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு கிளாஸ் ஒயின் என்று ஒரு பழக்கம் வந்தது. வீட்டில் வேறு யாரும் குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை குடித்தது எனக்குப் பிடித்து. சனிக்கிழமை குடித்தது "திறந்த பாட்டில், வீணாகிடுமே" என்று. ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தைக் குடித்தபோது அது பாதி புளித்துப்போயிருந்தது. அப்போதும் கொட்ட மனசு வரவில்லை.

7/ ஒரு திங்கட்கிழமை கிளினிக்கில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வாரத்துக்கு எவ்வளவு குடிப்பீங்க?" "வீக்கெண்ட்ல ஒரு கிளாஸ், டாக்டர்." டைப் செய்யப் போன கை நின்றுவிட்டது. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். மனசறிந்த பொய்கூட இல்லை. ஒரு கிளாஸ் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது வாரத்துக்குப் பத்து யூனிட்.

8/ அந்த வருஷம் ரத்தப் பரிசோதனையில் என் ஏஎல்டி ஏறியிருந்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. பழி முழுவதையும் ஒயின் மேல் போட மாட்டேன். சோறும் உட்கார்ந்தே செய்யும் வேலையும் அதில் பங்காளிகள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம்ம ஆட்களுக்குப் பெரிய தொப்பை இல்லாமலேயே கல்லீரலில் கொழுப்பு சேரும். அதன்மேல் மதுவும் சேர்ந்தால் ரெண்டும் கூட்டு வைத்துக்கொண்டு கெடுக்கும்.

9/ "வீணாக்காதே" என்பது நம்ம ரத்தத்தில் ஊறியது. தட்டில் நாலு பருக்கை மிஞ்சினால் அம்மா விடமாட்டாங்க. நல்ல வளர்ப்புதான். ஆனால் அதே வளர்ப்பை ஒயின் பாட்டிலுக்கும் பொருத்தினால் என்ன ஆகும்? மிச்சமான ஒயினுக்கு உங்க வயிறு குப்பைத்தொட்டி ஆகும். சிங்க்கில் கொட்டினால் நஷ்டம் ரெண்டு பவுண்டு. குடித்தால் அந்த ரெண்டு பவுண்டு திரும்பியா வரப்போகிறது? எப்படியும் செலவான காசு.

10/ சரி, லாபக் கணக்குக்கே வருவோம். பெரிய பாட்டில் 8 பவுண்டு, சின்னது 2.50 என்று வைத்துக்கொள்வோம். நாலு சின்னது 10 பவுண்டு. "பார்த்தீங்களா, பெரிசுல ரெண்டு பவுண்டு மிச்சம்!" ஐயா, உங்களுக்கு வேண்டியது ஒரு கிளாஸ். வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை குடிக்கிறவருக்குச் சின்ன பாட்டிலில் ஆகும் செலவு 30 பவுண்டு. பெரிய பாட்டிலில் 96. இதில் எது லாபம்?

11/ அடுத்த எதிர்ப்பு ஒயின் ரசிகர்களிடமிருந்து வரும். "சின்ன பாட்டில்ல நல்ல ஒயினே வராது, பிளாஸ்டிக், திருகு மூடி..." இதில் பாதி உண்மை. ஒயினின் அளவோடு ஒப்பிட்டால் சின்ன பாட்டிலுக்குள் காற்றின் பங்கு அதிகம், அதனால் சீக்கிரம் பழசாகும். பிளாஸ்டிக் பாட்டில் கண்ணாடியைவிட ஆக்சிஜனை உள்ளே விடும். அதனால் சேர்த்து வைக்காதீங்க. லேபிளில் வருஷம் போட்டிருந்தால் புதிதாகப் பார்த்து எடுங்க. திருகு மூடியில் ஒரு குறையும் இல்லை.

12/ ஆனா ஒண்ணு கேட்கிறேன். மூணு நாள் திறந்து கிடந்த 'நல்ல' ஒயினின் கடைசி கிளாஸைவிட, இப்போதுதான் மூடி திறந்த சாதாரண ஒயின் மோசமா? ரெண்டையும் குடித்துப் பார்த்தவன் சொல்றேன், இல்லை.

13/ விலை விஷயத்தில் ஒரு ரகசியம். ரொம்ப மலிவானதை எடுக்காதீங்க. 2025 பிப்ரவரி விகிதப்படி, 13% உள்ள 187 மில்லி பாட்டிலுக்கு மதுவரி மட்டும் சுமார் 72 பென்ஸ். பாட்டில் 1.50 பவுண்டு என்றால் அதில் 25 பென்ஸ் வாட் வரி. மீதி 53 பென்ஸ். அதற்குள் கண்ணாடி, மூடி, லாரி, கடை லாபம் எல்லாம் போய், ஒயினுக்கு என்ன மிஞ்சும்?

14/ அதே பாட்டில் 2.50 என்றால் வாட் 42 பென்ஸ், மதுவரி அதே 72. மீதி 1.36. நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது ஒரு பவுண்டு. வரி போக உள்ளே இருக்கும் பணமோ ரெண்டரை மடங்கு. எப்போதாவது குடிக்கிறவருக்கு அந்த ஒரு பவுண்டு தகும். அதற்கு மேல் போக வேண்டிய அவசியமும் இல்லை.

15/ கடையில் பார்க்க வேண்டியது ரெண்டே நம்பர்: மில்லி, சதவீதம். திராட்சை பெயரும் மலைச்சரிவுப் படமும் அப்புறம். ஆஸ்திரேலிய ஷிராஸ் பல நேரம் 14% வரும். 187 மில்லியில் 2.6 யூனிட். போர்ச்சுகலின் வின்யோ வெர்டே, ஜெர்மன் ரீஸ்லிங் வகைகளில் 10%-ஐ ஒட்டியவை உண்டு. அதே 187 மில்லி, 1.9 யூனிட்தான். என் விதி: ஒரு பாட்டில் ரெண்டு யூனிட்டுக்குள் இருக்கணும். 187 மில்லிக்கு அது 10.5%.

16/ சர்க்கரை உள்ளவர்கள் கவனிங்க. சதவீதம் குறைவு என்று மொஸ்காட்டோ பக்கம் போகாதீங்க. 5.5% மொஸ்காட்டோ த'அஸ்டியில் லிட்டருக்கு சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கும். சின்ன பாட்டிலுக்கே கிட்டத்தட்ட 20 கிராம். நாலைந்து டீஸ்பூன். 'டிரை' ஒயினில் ஒரு கிராம்கூடத் தேறாது. கிளிக்ளசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் எந்த ஒயினும் குடிக்கக் கூடாது. சர்க்கரை சடாரென்று இறங்கும். அதைப் போதை என்று கூட இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

17/ சின்ன பாட்டிலிலும் மூணு பொறி இருக்கு. ஒண்ணு, 250 மில்லி கேன். பார்க்க ஒரு ஆளுக்கு மாதிரி இருக்கும். ஆனால் அது பெரிய பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. 12% என்றாலும் 3 யூனிட். கையில் கோலா கேன் போல இருப்பதால் கோலா வேகத்தில் இறங்கும்.

18/ ரெண்டு, நாலு பாட்டில் பேக். நாலு 187 சேர்ந்தால் மறுபடி அதே 750. "ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்" என்று வாங்கினால் அது இருக்காது. மூணு, "சின்னதுதானே, இன்னொண்ணு." அதற்குத்தான் ஒண்ணே ஒண்ணு வாங்கச் சொல்றேன். ரெண்டாவது வேணும்னா செருப்பைப் போட்டுக்கிட்டு மறுபடி கடைக்குப் போகணும். பெரும்பாலும் போக மாட்டோம்.

19/ "எனக்குக் கட்டுப்பாடு இருக்கு டாக்டர், பாட்டில் சைஸ் என்ன செய்யும்?" கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்கு: இங்கிலாந்தில் 1700-களில் ஒயின் கிளாஸ் சராசரி 66 மில்லி. இன்றைக்கு 449. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அந்தக் கிளாஸில் கண்ணளவாக ஊற்றும் 'ஒரு கிளாஸ்' எவ்வளவு? இன்று ராத்திரி தண்ணீரை ஊற்றி அளந்து பாருங்க.

20/ அதே கேம்பிரிட்ஜ் குழுவின் 2024 ஆய்வு: இங்கிலாந்தில் 21 பப், பார், உணவகங்களில் நாலு வாரத்துக்குப் பெரிய கிளாஸை, பெரும்பாலும் 250 மில்லி, எடுத்துவிட்டார்கள். விற்ற ஒயினின் அளவு 7.6% குறைந்தது. யாருக்கும் அட்வைஸ் பண்ணவில்லை. சைஸை மட்டும் மாற்றினார்கள். பப்புக்குப் போனால் 125 மில்லி கேளுங்க. அதை வைத்திருக்க வேண்டியது இங்கே சட்டம். போர்டில் கண்ணில் படாவிட்டாலும் வாய்விட்டுக் கேளுங்க.

21/ "ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?" 1991-இல் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒன்று 'பிரெஞ்சு முரண்பாடு' என்று கிளப்பிவிட்டது. முப்பது வருஷம் தாண்டியும் வாட்ஸ்அப்பில் ஓடுது. ரெஸ்வெரட்ரால் என்பார்கள். ஒரு கிளாஸில் அது ஒரு மில்லிகிராம் இருந்தாலே பெரிசு. மிதமாகக் குடித்தவர்கள் நல்லா இருந்ததாகக் காட்டிய பல பழைய ஆய்வுகளில், 'குடிக்காதவர்கள்' கூட்டத்தில் நோய் வந்து குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அப்புறம் ஒப்பீடு எப்படிச் சரியா வரும்? பிடித்திருந்தால் பிடித்திருக்கு என்று குடிங்க. மருந்து என்று குடிக்காதீங்க.

22/ சின்ன பாட்டிலும் கூடாதவர்கள்: கர்ப்பிணிகள். கருத்தரிக்க முயற்சி செய்பவர்கள். கல்லீரல் நோய், கணைய அழற்சி வந்தவர்கள். தூக்க மாத்திரை எடுப்பவர்கள். வண்டி ஓட்டப் போகிறவர்கள். முக்கியமாக, குடியை விட்டு மீண்டவர்கள். உங்களுக்கு "சின்னதா ஒண்ணு" என்று ஒன்று கிடையவே கிடையாது. தினமும் நிறையக் குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பார்த்துப் படிப்படியாக நிறுத்துங்க.

23/ கடைசியாக என் கோபம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் கலோரி, சர்க்கரை, உப்பு எல்லாம் அச்சிட்டே ஆகணும். இங்கிலாந்தில் ஒயினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8 முதல் புது ஒயின்களுக்கு இது வந்துவிட்டது. 13% சின்ன பாட்டிலில் ஆல்கஹாலிலிருந்து மட்டும் 130 கலோரிக்கு மேல். இதைச் சொல்ல இங்கே ஏன் கசக்குது? யூனிட் எண்ணிக்கையைக்கூட விருப்பம் இருந்தால் போடலாமாம்! அதுவரை கணக்கை நாம்தான் போடணும்.

24/ சுருக்கமாக: ஒரே ஒரு 187 மில்லி. 10.5% பக்கத்தில். விலை 2.50 பவுண்டு சுமார். புது வருஷம். சாப்பாட்டோடு. சேமித்து வைக்கக் கூடாது. பிடிக்கலைன்னா பாதியில் கொட்டலாம், அம்மா திட்ட மாட்டாங்க.

25/ என் ஏஎல்டி இறங்கிடுச்சு. ராத்திரி நடைப்பயிற்சிக்கும் சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்கு உண்டு. ஒயினை முழுசா விடவில்லை. இப்போது ரெண்டு மாசத்துக்கு ஒரு சின்ன பாட்டில். கிளினிக்கில் "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்கும்போது கிளாஸ் கணக்கை இப்போதெல்லாம் ஏற்பதில்லை. "பாட்டில் என்ன சைஸ், எத்தனை நாளில் தீரும்?" என்று கேட்கிறேன். உங்க வீட்டிலும் அதையே கேட்டுப் பாருங்க.