பாட்டியின் கைப்பேசி கெட்டுப்போகவில்லை



2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிய குறிப்பில், ‘வீட்டில் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியர் பணியில் இருக்கிறேன். அந்த வரியை எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதினேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. இந்த முறை தவறாக எழுதிவிட்டேன். இன்றைய பதிவு அந்தத் தவற்றைப் பற்றியதுதான்.

குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் பையன் அவன். இரண்டாம் ஆண்டில் படித்தான். எழுத்துகளைத் தனித்தனியே சொல்லுவான். சேர்த்து வாசிக்கத் தடுமாறுவான். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி. குறைநீக்கல் வகுப்பு நேரம் அவனுக்குப் போதவில்லை. எனவே, வாரத்தில் மூன்று நாள் இரவு ஏழரை மணிக்குப் புலனம் (அதாவது வாட்சாப்) வழி காணொலியில் அழைத்துப் பத்து நிமிடம் வாசிக்க வைத்தேன். ஏப்ரல் இறுதிக்குள் ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். எனக்கும் பெருமைதான்.

மே மாதத்தில் எல்லாம் நின்றுபோனது. நான் அனுப்பிய செய்திகளில் ஒற்றைக் குறியோடு சரி. அழைத்தாலும் யாரும் எடுக்கவில்லை. பையனைக் கேட்டேன். “போன் ஓடல டீச்சர்” என்றான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொல்லும் நூறு காரணங்களில் இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொண்டேன். சாதாரணத் தொலைபேசி அழைப்பில் ஒருமுறை முயன்றிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். புலனத்தில் பதில் இல்லையென்றால் அந்த வீட்டில் அக்கறை இல்லை என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மில் பலருக்கும் வந்துவிட்டது.

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் பாட்டி நேரில் வந்தார். கைப்பேசியையும் கொண்டு வந்திருந்தார்.

“டீச்சர், போன் நல்லாத்தாங்க இருக்கு. கடையில காட்டுனேன், பேட்டரி மாத்தணும்னான். எழுவது வெள்ளி வாங்கிட்டான். ஆனா பயலுக்கு அப்பன் மொகம் தெரிய மாட்டேங்குது.”

அது ஐபோன் 6. மகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. புலனத்தைத் திறந்தால் இந்த இயங்குதளத்தில் இனி இயங்காது என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. எழுபது வெள்ளிக்குப் புது மின்கலம் போட்டாலும் அந்த அறிவிப்பு போகாது. கடைக்காரருக்கு அது தெரியாதா, தெரிந்துதான் மாற்றினாரா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை.

நடந்தது இதுதான். 2025 மே 5 முதல் புலனம் இயங்குவதற்கு ஐஓஎஸ் 15.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும் என்று அந்நிறுவனம் வரையறுத்தது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ், 2014இல் வந்த ஐபோன் 6, 6 பிளஸ் ஆகியவை ஐஓஎஸ் 12ஐத் தாண்டிப் போக முடியாதவை. ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கருவிக்கு அதற்கு மேல் ஒரு பதிப்பே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்த ஆண்டு வந்த 6எஸ் ஐஓஎஸ் 15 வரை போகும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்து அந்தப் பையன் தன் தந்தையின் முகத்தைப் பார்ப்பதா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிட்டது.

அதே 2025 மே 5ஆம் நாள்தான் ஸ்கைப்பும் மூடப்பட்டது. 2003இல் பிறந்து, 2011இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தால் 850 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்ட செயலி அது. வெளிநாட்டில் படித்த தம்பியோடு என் பெற்றோர் முதன்முதலில் முகம் பார்த்துப் பேசியது அதில்தான். அன்று என் அம்மா திரைக்கு முன்னால் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. புத்தம் புதிய கணினி வைத்திருந்தாலும் இன்று ஸ்கைப்பில் பேச முடியாது. ஆக, கருவி பழையதாவது மட்டுமன்று சிக்கல். நாம் ஒரே ஒரு செயலியை நம்பி உறவையும் பாடத்தையும் அதில் கட்டிவைத்திருக்கிறோமே, அதுவும் சிக்கல்தான்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இயங்குதளத்தைத் தயாரித்தவரே புதிய பதிப்பு தருவதை நிறுத்திவிட்ட கருவியில், நாளைக்கு ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் இருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மறையாக்கம், படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை, ஒலியிலுள்ள இரைச்சலை நீக்கும் முறை ஆகிய யாவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பழைய பதிப்பிலும் அவற்றைச் சோதித்துப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும். இதெல்லாம் புரிகிறது. தோட்டத்துச் சந்திப்பு வழியாக ஓடிய பேருந்தை ஒருநாள் நெடுஞ்சாலைக்குத் திருப்பிவிட்டார்கள் என்றால், அதற்கும் காரணம் இருக்கும். ஆனால், பழைய நிறுத்தத்தில் குடையோடு காத்து நிற்கும் கிழவியைப் பார்த்து ‘உனக்கு ஊருக்குப் போக அக்கறையில்லை’ என்று சொல்வோமா? நான் அதைத்தான் சொன்னேன். அதுவும் எழுத்தில்!

“இந்தக் காலத்தில் முந்நூறு நானூறு வெள்ளிக்குப் புதுக் கைப்பேசி கிடைக்கிறதே, வாங்கினால் என்ன?” என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், முந்நூறு வெள்ளி எல்லார் வீட்டிலும் ஒரே எடையுடையதன்று. மேலும், மலிவான கருவிகள் பலவற்றுக்குப் புதுப்பிப்பு விரைவில் நின்றுவிடுகிறது. விலை குறைவென்று வாங்கியவர்தான் அடிக்கடி வாங்க வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரிய வந்தது. அதன்பின் ‘செர்டிக்’ திட்டத்தின்கீழ் 500 பள்ளிகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு 150,000 கருவிகள் வழங்குவதாக 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அன்று கேட்ட கேள்வி ‘கருவி இருக்கிறதா, இல்லையா’ என்பது. இன்று அந்தக் கேள்வி போதாது. கருவி இருக்கும், மின்னூட்டமும் இருக்கும், இணையமும் இருக்கும், ஆனால் செயலி உள்ளே விடாது. இல்லாதவர் பட்டியலிலும் இவர்கள் வரமாட்டார்கள். யார் கண்ணிலும் படாமல் வகுப்பிலிருந்து விடுபட்டுப் போவார்கள். 2021 டிசம்பர் 31இல் நம் நாட்டில் 3ஜி சேவையை நிறுத்தியபோதும் இப்படிச் சிலர் விடுபட்டார்கள். அப்போதும் நான் கவனிக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த விரிவுரைஞர் ஒருவர், பாடத்துணைப் பொருளைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வலியுறுத்துவார். பட அட்டையின் எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியவில்லை என்றால் அட்டையை மாற்று, பிள்ளையைக் குறை சொல்லாதே என்பார். காணொலி வகுப்புக்கு வந்தவுடன் அந்தப் பாடத்தை மறந்துவிட்டேன். இங்கே கடைசி வரிசை என்பது வகுப்பிலேயே பழைய கைப்பேசி வைத்திருக்கும் வீடு. செயலியைத் தேர்ந்தெடுப்பதும் நேரம் குறிப்பதும் அந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. என் புதுக் கைப்பேசியில் எது அழகாக ஓடுகிறது என்பதிலிருந்து அன்று.

எனவே 2026 பள்ளித் தவணை சனவரியில் தொடங்கியபோது, பெற்றோர் விவரப் படிவத்தோடு கூடுதலாகச் சில கேள்விகளைச் சேர்த்தேன். கைப்பேசியின் பெயர் என்ன, இயங்குதளப் பதிப்பு எது, அது யாருடையது, அவர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார். பதிப்பு எண்ணை எங்கே பார்ப்பது என்று சிலருக்குத் தெரியவில்லை. முதல் பெற்றோர் சந்திப்பில் நானே பார்த்துக் குறித்துக்கொண்டேன். அரை மணி நேர வேலை. அதில் இன்னும் சிலருடைய கருவிகள் விளிம்பில் இருப்பது தெரிந்தது. அந்த வீடுகளுக்குப் புலனம் நின்றால் மாற்று வழி என்ன என்று இப்போதே பேசி வைத்திருக்கிறேன். சிலருக்குச் சாதாரண அழைப்பு, சிலருக்குக் குறுஞ்செய்தி, ஒரு வீட்டுக்குப் பையில் வைத்தனுப்பும் துண்டுத்தாள். துண்டுத்தாளுக்கு எந்த இயங்குதளமும் வேண்டாம், பாருங்கள்!

பெற்றோரிடம் சில வார்த்தைகள். அறிவிப்பு ஏதேனும் திரையில் வந்தால் அதை மூடிவிடாதீர்கள்; படமெடுத்து ஆசிரியரிடமோ விவரம் தெரிந்த பிள்ளைகளிடமோ காட்டுங்கள். முடிவு நாளுக்கு முன்பே புகைப்படங்களையும் குரல் பதிவுகளையும் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். செயலி திறக்க மறுத்தபின் எடுப்பது கடினம். ‘பழைய கைப்பேசியிலும் ஓடும் புலனம்’ என்று யாராவது ஓர் இணைப்பை அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். மாற்றியமைக்கப்பட்ட அச்செயலிகளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாது. புதுப்பிப்பு நின்ற கருவியில் வங்கிச் செயலி வேண்டாம்.

கைப்பேசி வாங்கும்போது நாம் எதைக் கேட்கிறோம்? கேமரா எத்தனை மெகாபிக்சல், நினைவகம் எவ்வளவு. ‘எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பு தருவார்கள்’ என்று கேட்பவரை நான் கடையில் பார்த்ததில்லை. கூகுள் 2023இல் வந்த பிக்சல் 8 முதல் ஏழாண்டு தருவதாகச் சொல்கிறது. சாம்சங் 2024இல் வந்த எஸ்24 வரிசைக்கு ஏழாண்டு என்றும், விலை குறைந்த ஏ16க்கு ஆறாண்டு என்றும் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இது சட்டமாகவே ஆகிவிட்டது. ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்றபின்னும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பு தர வேண்டும். பழைய கைப்பேசி வாங்குவோர் அது எந்த ஆண்டில் வந்தது என்பதைப் பார்த்துவிட்டு மீதமுள்ள ஆண்டுகளைக் கணக்கிட்டு விலை பேச வேண்டும்.

மடிக்கணினிக்கும் இதே கதைதான். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை இட்டு, உலாவி வழியாகவே கூகுள் மீட் திறக்கிறதா என்று பார்க்கலாம். பள்ளியின் பழைய கணினி ஒன்றில் நண்பர் ஒருவர் இட்டுக் கொடுத்தார், ஓடுகிறது.

பாட்டியின் கதைக்கு வருகிறேன். ஐபோன்களுக்குள் பேஸ்டைம் வழியாகப் பேசலாம். பையனின் அப்பாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. அந்த வழியும் அடைபட்டது. வாசிப்புக்கு மட்டும் வழி எளிதாகவே கிடைத்தது. முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை! சாதாரண அழைப்பில் கூப்பிட்டேன், அவன் வாசித்தான், நான் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். திரையில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்த பிள்ளை, இப்போது புத்தகத்தை மட்டும் பார்த்து வாசித்தான். குறிப்பில் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் கையொப்பமிட்டேன்; தலைமையாசிரியரிடமும் சொன்னேன்.

அப்பாவின் முகத்துக்குத்தான் என்னால் வழி செய்ய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் தன் கைப்பேசியைக் கொடுத்து உதவினார். தீபாவளிக்கு ஊர் வந்தபோது அப்பா ஒரு கைப்பேசி வாங்கி வந்தார். “எந்த வருசத்துப் போன், எதுவரைக்கும் ஓடும்னு கேட்டீங்களாப்பா?” என்று பையன்தான் கேட்டானாம். பாட்டி சொல்லிச் சிரித்தார். பழைய கைப்பேசி இன்னும் அவர் வீட்டு மேசையில் இருக்கிறது. ஏழரை மணிக்கு நான் அழைப்பது இன்றும் அதில்தான்.